பாலம் தாண்டாத ஜாமீன்

ஒரு தாலுகா ஊரில் ஒரு கிளைச் சிறை இருந்தது. அதன் முகப்பில் ஒரு பெரிய இரும்புக் கதவு. அது திறந்து யாரும் பார்த்ததில்லை. அதன் வயிற்றில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருந்தது. திட்டிவாசல் என்பார்கள். பெரிய கதவு சும்மா நின்று பெயர் வாங்கிக்கொண்டிருக்க, வேலை அத்தனையும் திட்டிவாசல் தலையில் விழுந்தது. அதனாலோ என்னவோ அதற்குக் கொஞ்சம் தலைக்கனம்.

"நான் பாரபட்சம் பார்க்காதவன்" என்று அது அடிக்கடி சொல்லிக்கொள்ளும். "பணக்காரனோ பரதேசியோ, எவனா இருந்தாலும் என்கிட்ட குனிஞ்சுதான் ஆகணும்."

குனிய வைத்தது உண்மைதான். ஆனால் குனிந்தவன் நிமிர்வதற்குள் அது ஒரு கேள்வி கேட்கும். பேரைக் கேட்காது. என்ன வழக்கு என்று கேட்காது. "எந்தத் தெரு?" என்று கேட்கும்.

அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு இரண்டே பதில்கள்தான். கடைவீதியை ஒட்டிய தெருக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பதில். ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிசைகளாக இருந்த கொட்டாய் இன்னொரு பதில். கேட்டது தெருவைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல என்பது கேட்ட கதவுக்கும் தெரியும், சொன்ன ஆளுக்கும் தெரியும்.

கடைவீதி என்று சொன்னவன் கையில் சமையல்கட்டுக் கரண்டி ஏறும். கொட்டாய் என்று சொன்னவன் கையில் துடைப்பம் ஏறும். துடைப்பத்தோடு கக்கூஸ் வாளியும் சேர்ந்தே வரும். இதையெல்லாம் யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. கரண்டிக்கும் துடைப்பத்துக்கும் அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சிறைக்கு வெளியே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் ஜாமீன் உட்கார்ந்திருப்பார். வயதானவர், வெள்ளை வேட்டி, சுத்தமான பாதங்கள். கோர்ட்டில் யாரையாவது வெளியே விடச் சொல்லி உத்தரவானால், அவனைக் கூட்டி வருவது இவர் வேலை. அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவனுக்காகப் பொறுப்பேற்கும் இரண்டு பேரின் வாசலில் போய் நின்று, வலது காலை ஒரு வாசலிலும் இடது காலை இன்னொரு வாசலிலும் ஊன்றிவிட்டு வர வேண்டும். அந்த இரண்டு வாசலுக்கும் வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லாத மண்ணில் தன் கால் பாவாது என்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரையும் அதட்ட மாட்டார். கொட்டாய்க்காரர்கள் வந்து கேட்டால்கூட முகம் சுளிக்காமல் எழுந்து, ஓடைப் பாலம் வரைக்கும் நடந்து, அங்கே நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஒரு மார்கழியில் வாரச்சந்தையில் ஒரு வெள்ளாட்டை வைத்துச் சண்டை மூண்டது. கொட்டாயைச் சேர்ந்த வேடியப்பன் விலை பேசி முடித்த ஆட்டின் கயிற்றை, மேலக் கடைவீதி மோகனவேல் வந்து பிடித்தான். இவன் இழுத்தான், அவன் இழுத்தான். கயிறு கை மாறுவதற்குள் கை நீண்டுவிட்டது. இவனுக்கு உதடு கிழிந்தது, அவனுக்குப் பல் ஆடியது. நடுவில் ஆடு நழுவி ஓடியே போய்விட்டது. அன்றைக்குச் சந்தையில் புத்தியோடு நடந்துகொண்டது அந்த ஆடு ஒன்றுதான்.

இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றி, ஒரே வழக்கைப் போட்டு, ஒரே நாளில் சிறைக்குக் கொண்டுவந்தார்கள்.

"எந்தத் தெரு?" என்றது திட்டிவாசல்.

"மேலக் கடைவீதி."

வார்டர் துரைக்கண்ணு மோகனவேலைச் சமையல்கட்டுப் பக்கம் கைகாட்டினார்.

"நீ?"

"கொட்டாய்ங்க" என்றான் வேடியப்பன். துரைக்கண்ணு மூலையைப் பார்த்தார். மூலையில் துடைப்பம் இருந்தது.

மோகனவேலுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அவன் வடித்த சோறு அடியில் கருகி, மேலே அரிசியாக நின்றது. எல்லாரும் கடித்து விழுங்கினார்கள். கரண்டி மட்டும், "புதுக் கை, பழகினா சரியாப் போயிடும்" என்று பரிந்து பேசியது.

வேடியப்பன் செங்கல் சூளையில் ஒரு கும்பலுக்கே சோறாக்கிப் போட்டவன். அவன் துடைப்பத்திடம் மெல்லக் கேட்டான்: "அந்த ஒலைய நான் வச்சா ஆவாதா?"

"எனக்கு உங்க பக்கத்துக் கைதான் பழக்கம். அதுக்கு அவங்க பக்கத்துக் கை பழக்கம். இதுல நான் என்ன பண்ண முடியும், சொல்லு" என்றது துடைப்பம். அதன் குரலில் வருத்தம்கூட இல்லை. வருத்தப்பட்டுப் பழக்கம் இல்லாததுபோல் இருந்தது.

சில நாளில் கோர்ட்டில் இருவருக்கும் ஒரே உத்தரவு ஆயிற்று. இரண்டு பேரையும் ஜாமீனில் விடலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஜாமீன் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். மோகனவேலின் மாமா வாசலில் ஒரு கால், சித்தப்பா வாசலில் ஒரு கால். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார்.

மோகனவேல் கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது வேடியப்பன் தோளைத் தட்டி, "நாளைக்கு நீயும் வந்துருவப்பா. அந்த ஆட்டை யாரு பிடிச்சாங்கன்னு விசாரிச்சு வைக்கிறேன்" என்றான். அவன் சொன்னது கேலி அல்ல. நாளைக்கு வந்துவிடுவான் என்றே அவன் நம்பினான்.

மறுநாள் ஜாமீன் கொட்டாய்ப் பக்கம் நடந்தார். பாலம் வரை போனார். அந்தப் பக்கம் ஓலையும் தகரமுமாகக் கூரைகள் தெரிந்தன. எல்லாம் புறம்போக்கில் போட்ட வீடுகள். பட்டா கிடையாது. அதனால் வரி கிடையாது. அதனால் ரசீதும் கிடையாது. ஜாமீன் நின்று பார்த்தார், திரும்பிவிட்டார்.

வேடியப்பனின் மனைவி பச்சியம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை.

"என்னாங்கய்யா, பாதி வழியில திரும்பிட்டீங்க?"

"அந்தப் பக்கம் எனக்குக் கால் பாவாதும்மா."

"ஒரு தடவ வச்சுத்தான் பாருங்களேன். எங்க பக்கத்து ஊட்டு மாரக்கா நிக்கறேங்குது. கல்லு ஒடைக்கற தொட்டியான் நிக்கறேங்குறான். எம்மாம் பேரு வேணும், சொல்லுங்க."

"ஆள் நின்னா போதாதும்மா. வாசல் நிக்கணும்."

பச்சியம்மாளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. தைப்பூசம் முடிந்த மறுநாள் சூளை லாரி வரும். மேஸ்திரிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. போகாமல் இருக்க முடியாது. லாரி எந்த ஊர்ச் சூளைக்குப் போகிறது என்று ஏறுகிறவர்களுக்கே தெரியாது. ராத்திரியெல்லாம் ஓடி எங்கேயோ இறக்கிவிடுவார்கள். மழை விழுந்தால்தான் திரும்பி வருவார்கள். அதற்குள் இவன் வெளியே வராவிட்டால், இவளையும் குழந்தையையும் எங்கே என்று தேடுவான்? அந்த ஊர்ப் பேச்சு தெரியாத இடத்தில் ஒற்றைப் பொம்பளையாக, சின்னக் குழந்தையோடு, இவள்தான் எப்படி இருப்பாள்?

அவள் தினமும் வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். ஜாமீனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை மண்ணை அள்ளி விளையாடியது.

அந்தச் சமயத்தில்தான் நன்கொடை அம்மாள் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்.

நல்ல மனசு அவருக்கு. கஷ்டத்தைக் கண்டால் கண் உடனே கலங்கிவிடும். கைப்பையும் உடனே திறந்துகொள்ளும். சிறைகளைச் சீர்திருத்த வேண்டும், உள்ளே இருப்பவர்களும் மனுஷர்கள்தான் என்று மனதாரச் சொன்னார். அவர் எங்கே போனாலும் பின்சீட்டில் பளபளவென்று ஒரு கருங்கல் கூடவே வரும். அதுதான் கல்வெட்டு. அம்மாள் செய்த நல்ல காரியத்தை ஊருக்குச் சொல்வதற்காக வந்தது. காரியம் நடப்பதற்கு முன்பே வந்துவிடுவதுதான் அதனிடம் இருந்த ஒரே குறை.

"யாருக்கு என்ன குறை? தயங்காமச் சொல்லுங்க" என்றார் அம்மாள்.

சுவர் முந்திக்கொண்டது. "வெள்ளையடிச்சுப் பல வருஷமாச்சு, மேலெல்லாம் அரிக்குது" என்றது. தட்டுகள் ஒடுக்கு விழுந்த முகத்தைக் காட்டின. "எனக்கு மூணு இறக்கையில ரெண்டுதான் இருக்கு. சுத்தினா எனக்கே பயமா இருக்கு" என்று முனகியது மின்விசிறி. அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எல்லாம் வந்தன. சுவர் வெளுத்தது, தட்டு மின்னியது, புது விசிறிகள் ஓடின. வராந்தாவில் நல்ல இடமாகப் பார்த்துக் கல்வெட்டு பதிந்துகொண்டது.

புறப்படும் முன் அம்மாள் வேடியப்பன் பக்கமும் வந்தார்.

"காத்து வருதாப்பா?"

"வருதுங்க."

கேட்ட கேள்விக்கு அவன் சரியாகத்தான் பதில் சொன்னான். அம்மாள் நிறைவோடு கார் ஏறினார்.

சிறை அழகானதில் இன்னொன்றும் நடந்தது. கொட்டாய்க்காரர்கள் கோர்ட் வாசலில் போய் முறையிட்டால், "உள்ள விசிறி ஓடுது, நல்ல சோறு போடறாங்க, என்ன அவசரம்?" என்று கோர்ட்டில் இருந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஜாமீன் மரத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் நன்கொடை அம்மாள் மறுபடி வந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை. விசிறிக்கு அடியில் ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள்.

"அடடா, இவ்வளவு நெரிசலா!" அம்மாளின் கண் கலங்கியது. கைப்பை திறந்தது. "பின்பக்கம் இடம் கிடக்குதே. புதுசா ஒரு கட்டடம் கட்டிடுவோம்."

காரின் பின்சீட்டில் இரண்டாவது கல்வெட்டு ஒன்று கனைத்துக்கொண்டது. அன்று காலையிலேயே ஒரு லோடு செங்கல் வந்து இறங்கிவிட்டது. இடத்தை அளக்க நிலமளக்கும் சங்கிலியும் வந்துவிட்டது. அது கணுக்கணுவாக இருக்கும், பேச்சும் கணுக்கணுவாகத்தான் வரும். யாரையும் தூக்கிப் பேசாது, யாரையும் இறக்கியும் பேசாது.

சங்கிலி பின்பக்கம் போனது. மத்தியானம் ஆயிற்று. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. மெஸ்ஸிலிருந்து தூக்குவாளிகளில் சாப்பாடு வந்தது.

"ஏன் வெளியிலேர்ந்து வருது? சமையல்கட்டு என்னாச்சு?" என்று கேட்டார் அம்மாள்.

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். "சமைக்க ஆள் இல்ல மேடம்."

"உள்ள இத்தனை பேர் இருக்காங்க. ஒருத்தருக்குமா சோறு வடிக்கத் தெரியாது?"

"தெரியும் மேடம். ஆனா..." அவர் கரண்டியைப் பார்த்தார்.

கரண்டிக்கு ஒளிக்கத் தெரியாது. "ஆளுங்க இருக்காங்கம்மா. எனக்குப் பழகின கை ஒண்ணுகூட இல்ல" என்றது.

"உனக்குப் பழகின கையெல்லாம் எங்க போச்சு?"

"வெளிய போயிடுச்சு. அவங்க எப்பவும் அப்படித்தான். வருவாங்க, ஒரு வாரம்கூட இருக்க மாட்டாங்க, போயிடுவாங்க. ஜாமீன் வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு."

மூலையிலிருந்து துடைப்பம் சொன்னது: "எனக்குப் பழகின கையெல்லாம் இங்கயேதான் இருக்கு. கூட்டற இடத்தைவிடக் கூட்டற கை அதிகமாப் போச்சு."

அம்மாள் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் நெரிசலைப் பார்த்தாரே தவிர, நெரிசலில் இருந்தது யார் என்று பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொருவனாகக் கேட்டார். கொட்டாய்ங்க, கொட்டாய்ங்க, கொட்டாய்ங்க என்று ஒரே பதிலாக வந்தது. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவருக்கு வியர்த்தது.

அம்மாள் வேடியப்பன் எதிரே வந்து, இந்த முறை சரியான கேள்வியைக் கேட்டார். "உனக்கு என்னப்பா வேணும்?"

"நாளைக்கழிச்சு சூளை லாரி வருதுங்க. அதுக்குள்ள நான் பாலத்துக்கிட்ட போயி நிக்கணும். எம் பொஞ்சாதி, புள்ளைய ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கன்னா எங்கன்னு தேடுவேன்? வேற ஒண்ணும் வேணாங்க."

"உனக்கு இன்னும் ஜாமீன் குடுக்கலையா?"

"குடுத்தாச்சுங்க. அவருதான் வரல."

அம்மாள் வேகமாகத் திட்டிவாசலுக்கு வந்தார். அவசரத்தில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டார். "நான் யாருக்கும் விட்டுக்குடுக்கறதில்ல" என்றது திட்டிவாசல் பெருமையாக. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

புங்கமரத்தடியில் ஜாமீன் உட்கார்ந்திருந்தார். பச்சியம்மாள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாள் கேட்க, ஜாமீன் தன் காலைப் பற்றியும் ரசீதைப் பற்றியும் பொறுமையாக விளக்கினார்.

"அப்ப நான் நிக்கிறேன்" என்றார் அம்மாள்.

"உங்க வாசல் எங்கம்மா?"

"பட்டணத்துல. பெரிய வீடுதான்."

"இந்தத் தாலுகாவுல ஒரு வாசல் வேணும்."

"இங்க என் பேரே சுவத்துல கல்லுல வெட்டியிருக்கு!"

"கல்லுக்கு வரி ரசீது கிடையாதேம்மா" என்றார் ஜாமீன். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அம்மாளுக்குத்தான் சுருக்கென்றது. திறந்த கைப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எடுக்க எதுவும் இல்லாதவர்போல் நின்றார்.

அப்போது பின்பக்கம் சத்தம் கேட்டது. புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய இடத்தில் கடப்பாரை ஒரு கல்லில் மோதியது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் பழைய எல்லைக்கல். சங்கிலிக்கு ஒரே சந்தோஷம்.

"இது ஒத்தைக் கல்லு இல்ல. இதுக்கு ஜோடி ஒண்ணு எங்கயோ நிக்கும். அளந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நீண்டது.

சுவரைக் கடந்து வந்தது. புங்கமரத்தைத் தொட்டது. ஜாமீன் காலை மடக்கி வழிவிட்டார். ரோட்டைத் தாண்டியது. ஓடைப் பாலத்தின் மேல் கிணுகிணுவென்று ஓடி, அந்தப் பக்கம் இறங்கி, கொட்டாயின் கடைசி வீட்டுக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே கள்ளிச்செடிக்குள் ஜோடிக் கல் நின்றது. அதைத் தொட்டுவிட்டுச் சங்கிலி திரும்பி வந்தது.

"எல்லாம் ஒரே நிலம். அந்தக் காலத்துல ஓடை அகலமா ஓடியிருக்கு. இந்தக் கல்லுல இருந்து அந்தக் கல்லு வரைக்கும் ஓடைப் புறம்போக்கு."

"எதெல்லாம்?" என்றார் அம்மாள்.

"கொட்டாய். பாலம். ரோடு. இந்த மரம். இந்தச் சிறை. நடுவுல எங்கயும் பட்டா கிடையாது. கொட்டாய்க்கு எப்படியோ சிறைக்கும் அப்படித்தான்."

ஜாமீன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் புங்கமரத்து மண்ணில் அழுந்தப் பதிந்திருந்தன. எத்தனையோ வருஷமாகப் பதிந்திருந்த தடம் அது.

பச்சியம்மாள் கேட்டாள்: "அப்ப இத்தினி காலமும் எங்க மண்ணுலதான் உக்காந்திருந்தீங்களாய்யா?"

அவள் கோபப்பட்டுக் கேட்டிருந்தால் ஜாமீன் சமாளித்திருப்பார். அவள் ஆச்சரியமாகக் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ரசீது கேக்கணும்னு எனக்கு யார் சொன்னாங்கன்னே ஞாபகம் இல்லம்மா" என்றார் மெதுவாக. "எனக்கு முன்னால இருந்தவர் கேட்டார். நானும் கேட்டேன். சட்டத்துல ஓடிப்போகாத ஆளுன்னுதான் இருக்கு. வாசல்னு வச்சுக்கிட்டது நாங்கதான்."

மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாலம் வரை நடந்தார். வழக்கமாக நிற்கும் இடத்தில் பழக்கத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். கால் பாவியது. இந்தப் பக்கத்து மண்ணுக்கும் அந்தப் பக்கத்து மண்ணுக்கும் உள்ளங்காலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவர் போன பிறகு நன்கொடை அம்மாள் செங்கல் குவியல் பக்கம் வந்தார். ஒரு செங்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை வெந்து கிடந்தது.

"நாங்க போன வருஷத்துக் கல்லு" என்றது செங்கல். "எங்களை அறுத்தது கொட்டாய்க் கைதான். இந்த ரேகை வெளியில மரத்தடியில உக்காந்திருக்கே அந்தப் பொண்ணோடது. எங்களை எந்தச் சுவத்துல வேணாலும் வைங்கம்மா, நிக்கறோம். எங்களை அறுத்தவங்களை எங்களுக்குள்ளயே வச்சுப் பூட்டாதீங்க."

அம்மாள் வெகுநேரம் அந்தக் கல்லைக் கீழே வைக்கவில்லை. பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, தோண்டிய குழியை மூடச் சொன்னார். செங்கல்லையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றிப் போகச் சொன்னார். ஜாமீன் இனிமேல் அங்கே உட்கார ஓர் அறை, கொட்டாய்க்காரர்களுக்காகக் கோர்ட்டில் எடுத்துப் பேச ஒரு வக்கீல், அவருக்கு மாசாமாசம் சம்பளம். கைப்பை இதற்குத் திறந்தபோதுதான் அதற்கே தன் வேலை புரிந்ததுபோல் இருந்தது.

"என்னை எங்க பதிப்பீங்க?" என்று கேட்டது புதுக் கல்வெட்டு.

"நீ வண்டியிலேயே இரு."

அன்று சாயங்காலம் துரைக்கண்ணு கரண்டியை எடுத்து, இரண்டு தரம் யோசித்து, வேடியப்பனிடம் நீட்டினார். கரண்டி விறைத்துக்கொண்டது. ஆனால் கை பட்டதும் அதற்குக் கை என்றுதான் தெரிந்தது. சோறு பூவாக வெந்திருந்தது. சாப்பிட்ட பிறகு துரைக்கண்ணு சமையல்கட்டை யாரிடமும் சொல்லாமல் தானே கூட்டினார். துடைப்பம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவர் கீழே வைத்துவிடுவாரோ என்று அதற்குப் பயம்.

தைப்பூசத்துக்குக் கோர்ட் விடுமுறை. மறுநாள் காலை கோர்ட் திறந்ததும் ஜாமீன் மாரக்காவையும் தொட்டியானையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

"இவங்க வாசல் ரசீது எங்க?" என்று கேட்டார் நீதிபதி, பழக்கத்தில்.

"ஐயா, இவங்க பிறந்ததுலேர்ந்து அந்த இடத்தை விட்டு நகரல. ஓடிப்போக வேற இடமும் இல்ல. ரசீது வேணும்னு சட்டத்துல எங்க இருக்குன்னு பார்த்துச் சொன்னீங்கன்னா கொண்டுவர்றேன்."

நீதிபதி பார்த்தார். பின்னால் புரட்டினார், முன்னால் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

உத்தரவு சிறைக்கு வந்தபோது பாலத்தின் மேல் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூட்டை முடிச்சோடு ஆட்கள் ஏறிவிட்டார்கள். பச்சியம்மாள் மட்டும் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக, சிறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி திட்டினான். டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

துரைக்கண்ணு பூட்டைத் திறந்தார். திட்டிவாசல் விலகியது. வேடியப்பன் குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தான்.

திட்டிவாசலுக்கு என்னவோ செய்தது. இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பார்த்தால், கொட்டாய்க்காரன் என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏப்பா, இரு. நீ யாருன்னு சொல்லாமப் போறியே" என்றது.

நின்று பதில் சொல்ல அவனுக்கு ஏது நேரம்? அவன் ஓடிக்கொண்டிருந்தான். புங்கமரத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, லாரியைப் பார்த்து ஓடினான். லாரி நகர ஆரம்பித்துவிட்டது. அப்போது பின்பலகைக்கு மேலே ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அது கத்தியது:

"அப்பா!"

திட்டிவாசலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. லாரி நின்று, ஒருவனை ஏற்றிக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறையும் வரை திட்டிவாசல் திறந்தபடியே இருந்தது. துரைக்கண்ணுதான் வந்து சாத்த வேண்டியிருந்தது.

அன்று மாலை புதிதாக ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அவன் குனிந்து உள்ளே வந்து, நிமிர்வதற்குள்ளேயே, எந்தத் தெரு என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"அது கிடக்கட்டும்" என்றது திட்டிவாசல். "வெளியில உனக்காக யாரு காத்திருக்காங்க?"